82 வயதில் ஒரு ஸ்டென்ட்: ஐவஸ் (ரத்தக் குழாய்க்குள் போய் ஒலி அலையால் எடுக்கும்) படம் பார்த்துச் செய்த ஒரு சிகிச்சையின் முழு விவரம்

பின்னணி

நோயாளி 82 வயது ஆண், எடை 54 கிலோ. சர்க்கரை நோய் 20 வருடத்துக்கு மேல், ரத்தக் கொதிப்பு அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. கைத்தடி இல்லாமல் நடப்பார், மாத்திரைக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் கடந்த ஆறு மாதமாக வெளியே போவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கேட்டால் வயதாகிவிட்டது என்பார். நெஞ்சு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவதை மகள்தான் கவனித்திருக்கிறார். முதியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இதய ரத்தக் குழாய் அடைப்பு பல நேரம் இப்படித்தான் வெளியே தெரியும், அதனால்தான் தாமதமாகவும் தெரியும்.

ஒரு நாள் இரவு படுக்கும்போதே நெஞ்சை அழுத்துவது போல இருந்திருக்கிறது, வியர்த்திருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வந்தபோது வலி பாதி குறைந்திருந்தது. ஈசிஜியில் முன்பக்க லீடுகளில் எஸ்டி பகுதி இறங்கியிருந்தது, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் முதல் முறையே கூடுதல், மூன்று மணி நேரம் கழித்து இன்னும் கூடுதல். எக்கோவில் இதயத்தின் முன்சுவர் மந்தமாக அசைந்தது, பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45%. எஸ்டி உயராத வகை மாரடைப்பு என்று பதிவு செய்து ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், ஹெப்பாரின், ஸ்டாட்டின், நைட்ரேட் தொடங்கினோம்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு விஷயம் உறுத்தியது. ஹீமோகுளோபின் 11.4. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.4. ஆய்வகச் சீட்டில் சிறுநீரகச் செயல்பாடு 50 என்று தானாக அச்சாகியிருந்தது, அதைப் பார்த்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணைத் தரும் சூத்திரத்தில் எடை கிடையாது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய காக்ராஃப்ட்-கால்ட் முறையில் போட்டுப் பார்த்தால் 31தான் வந்தது. தசை வற்றிய முதியவரின் உடம்பில் கிரியேட்டினினே குறைவாகத்தான் உருவாகும், அதனால் 1.4 என்பது 40 வயதுக்காரரின் 1.4 இல்லை. ஆஞ்சியோவில், எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டும், ஆனால் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் டையை எவ்வளவு செலுத்தலாம் என்ற கணக்குக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 31ஐத்தான். டையின் அளவு, மில்லிலிட்டரில், இந்த எண்ணின் 3.7 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பலரும் பின்பற்றும் வரம்பு. இவருக்கு அது சுமார் 115 மி.லி. அது மேல் எல்லைதான், அதுவரை போகலாம் என்று அனுமதி இல்லை.

செய்வதா வேண்டாமா

82 வயதில் மாரடைப்பு என்றால் எடுத்த எடுப்பில் கேத் லேபுக்கு (ஆஞ்சியோ அறைக்கு)த் தள்ளிக்கொண்டு போவது சரியா என்பது இன்றைக்கும் முடிந்துபோன விவாதம் இல்லை. 2024இல் வெளியான சீனியர்-ரீட்டா ஆய்வு 75 வயதைத் தாண்டிய 1518 பேரை எடுத்துக்கொண்டு, இதே வகை மாரடைப்புக்கு ஆஞ்சியோ வழியையும் மருந்து மட்டும் என்ற வழியையும் ஒப்பிட்டது. இதயக் காரணத்தால் மரணம் அல்லது மீண்டும் மாரடைப்பு என்ற கூட்டுக் கணக்கில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 25.6% எதிராக 26.3%. உயிரைப் பறிக்காத மாரடைப்பு மட்டும் ஆஞ்சியோ பக்கம் குறைந்தது, 11.7% எதிராக 15%. ஆக, ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடும் என்று இந்த வயதில் யாரிடமும் சத்தியம் செய்ய முடியாது.

அதனால் முதலில் மருந்து மட்டும் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். மறுநாள் மாலை, கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறை வரை போய்த் திரும்பியதற்கே வலி வந்தது, ஈசிஜியும் மாறியது. நைட்ரேட்டைக் கூட்டினோம். அதற்கடுத்த காலையில் அதே கதை. தராசு அங்கேதான் ஆஞ்சியோ பக்கம் சாய்ந்தது. தளர்ச்சி அளவுகோலில் இவர் 9க்கு 4, அதாவது மெதுவாக இருந்தாலும் பிறர் கையை எதிர்பார்க்காதவர், அதையும் கணக்கில் சேர்த்தோம்.

மகள் கேட்டது நியாயமான கேள்வி: "இந்த வயசுல அப்பாவுக்கு இதெல்லாம் தாங்குமா டாக்டர்?" அவரிடமே கேட்டோம், ஐயா நீங்க என்ன நினைக்கிறீங்க என்று. "எத்தனை வருஷம்னு நான் கேக்கல. பாத்ரூமுக்கு நானே போய் வரணும், அது போதும்" என்றார். சிகிச்சைக்கு இதைவிடத் தெளிவான இலக்கை யாரும் எழுதித் தர முடியாது. ரத்தக் கசிவு, சிறுநீரகம், பக்கவாதம், குழாய் கிழிவது என்று ஆபத்துகளை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னோம், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஆஞ்சியோவில் தெரிந்தது

வலது மணிக்கட்டு வழியாகப் போனோம். தோள் பக்கத்துக் குழாய் வளைந்து நெளிந்து கிடந்தது, இந்த வயதில் அது சாதாரணம்தான், கதீட்டரை (உள்ளே செலுத்தும் மெல்லிய குழாயை) நகர்த்தக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. டை செலுத்துவதற்கு முன்பே எக்ஸ்ரே திரையில் எல்ஏடி (இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் முக்கியக் குழாய்) ஓடும் இடத்தில் இரண்டு இணைக் கோடுகள் துடித்துக்கொண்டிருந்தன. அது கால்சியம். டை இல்லாமலே கண்ணுக்குத் தெரிகிற கால்சியம் என்றால் குழாயின் இரு பக்கமும் அது கெட்டியாகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்ஏடியின் தொடக்கம் முதல் நடுப்பகுதி வரை நீளமான அடைப்பு, இறுக்கமான இடத்தில் 80%. வலது குழாயின் நடுவில் 60%. இடப்பக்கத்தின் இன்னொரு கிளையான சர்கம்ஃப்ளெக்ஸில் சொல்லும்படி ஒன்றுமில்லை, இடது பிரதானக் குழாய் நன்றாக இருந்தது. இதுவரை செலவான டை 28 மி.லி.

அன்றே தொடர்ந்து ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்ற யோசனை மேசையருகே எழுந்தது. வேண்டாம் என்று நிறுத்தினோம். வலி அப்போது இல்லை, ரத்த அழுத்தம் சீராக இருந்தது, கால்சியத்தை உடைக்கும் கருவிகள் தேவைப்படும் என்பது கண்கூடு, சிறுநீரகத்துக்கும் இடைவெளி கொடுக்கலாம். அறுவை சிகிச்சை நிபுணரிடமும் படத்தைக் காட்டினோம். பைபாஸ் செய்ய முடியாது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் இந்த எடை, இந்த ஹீமோகுளோபின், இந்த வயதில் நெஞ்சைத் திறப்பதில் வரும் ஆதாயத்தைவிட நஷ்டம் கூடுதல் என்றார். நோயாளியும் அறுவை வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து, கிரியேட்டினின் 1.4லேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே கொண்டுபோனோம்.

ஏன் ஐவஸ், ஏன் ஓசிடி இல்லை

ஆஞ்சியோ காட்டுவது ரத்தம் ஓடும் பாதையின் நிழல். குழாயின் சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே என்ன படிந்திருக்கிறது, நல்ல குழாய் என்று நாம் நினைக்கும் இடம் உண்மையிலேயே நல்லதுதானா என்று அது சொல்லாது. முதியவர்களில் இந்தக் குறை பெரிதாகிறது, ஏனென்றால் அவர்களின் குழாய் ஒரே இடத்தில் அடைபடாமல் நெடுக நோய்ப்பட்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடமே இல்லாதபோது, சுருங்கிய குழாயைப் பார்த்து இதுதான் இதன் இயல்பான அளவு என்று கண் ஏமாந்துவிடும்.

குழாய்க்குள்ளேயே போய்ப் படமெடுக்க, அதாவது உட்படம் எடுக்க, இரண்டு வழி உண்டு. ஐவஸ் ஒலி அலையில் வேலை செய்கிறது, சுவரின் ஆழம் வரை பார்க்கும், டை தேவையில்லை. ஓசிடி ஒளியில் வேலை செய்கிறது, 10 முதல் 20 மைக்ரான் வரை நுணுக்கம், கால்சியத்தின் தடிமனைக்கூட அளக்கலாம். ஐவஸால் அது முடியாது, கால்சியத்தில் பட்ட ஒலி திரும்பிவிடும், பின்னால் வெறும் கறுப்பு. ஆனால் ஓசிடி படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தை விலக்க டை செலுத்த வேண்டும். சிறுநீரகக் கணக்கு 31 இருப்பவரிடம் அந்தத் தேர்வே எழவில்லை. 2014இல் வந்த மொஸார்ட் என்ற சிறிய ஆய்வில், ஐவஸை முடிந்த இடத்திலெல்லாம் பயன்படுத்தியபோது டையின் நடு அளவு 64.5 மி.லி.யிலிருந்து 20 மி.லி.க்கு இறங்கியது. 83 பேர்தான், ஆனாலும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஸ்டென்ட் வைக்கிறவர்கள் மறக்காத எண் அது.

பொதுவான ஆதாரமும் இன்று வலுவாகவே இருக்கிறது. 2018இன் அல்டிமேட் ஆய்வில் 1448 பேர்; ஒரு வருடத்தில் சிகிச்சை செய்த குழாய் தோல்வியடைந்தது (இதய மரணம், அந்தக் குழாயால் மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை) ஐவஸ் பக்கம் 2.9%, ஆஞ்சியோ மட்டும் பார்த்த பக்கம் 5.4%. 2023இல் வந்த ரெனோவேட்-காம்ப்ளெக்ஸ்-பிசிஐ சிக்கலான அடைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது, 1639 பேர், 7.7% எதிராக 12.3%. எல்லாமே ஒரே திசையில் பேசுகின்றன என்றும் சொல்ல முடியாது: அதே வருடம் வந்த இலூமியன் 4இல் ஓசிடி பார்த்து வைத்த ஸ்டென்டுகள் நன்றாக விரிந்தன, ஸ்டென்டுக்குள் ரத்த உறைவு குறைந்தது, ஆனால் முக்கிய விளைவில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் சிக்கலான அடைப்புகளுக்கு உட்படம் எடுப்பதை முதல் தரப் பரிந்துரையாக வைத்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது 65ஐ ஒட்டித்தான். 82 வயதுக்காரருக்கு நாம் செய்வது அந்த முடிவுகளை நீட்டிப் பொருத்துவதே. பொருத்துவதற்குக் காரணம் இருக்கிறது, கால்சியமும் நீண்ட அடைப்பும் இங்கேதான் கூடுதல். ஆனால் நேரடியாக நிரூபிக்கப்பட்டதாகப் பேசக் கூடாது.

மேசையில் நடந்தது

முதலில் ஐவஸ் கதீட்டரை அனுப்பினோம். இறுக்கத்துக்கு முன்னாலேயே முட்டிக்கொண்டு நின்றது. 1.5 மி.மீ. பலூன் மிகவும் சிரமப்பட்டு உள்ளே போய் விரிந்தது, அப்போதும் ஐவஸ் கடக்கவில்லை. அதை மேலும் தள்ளுவதில் பொருளில்லை. உட்படக் கதீட்டரே போகாத அடைப்புக்குள் ஸ்டென்ட் போகாது, போனாலும் விரியாது. எனவே போக முடியாததே ஒரு விடை.

கால்சியத்தைத் தேய்த்து வழி திறக்கும் சுழல் கருவியான ரோட்டாவுக்கு மாறினோம். நுனியில் வைரத் துகள் பதித்த 1.5 மி.மீ. பர் (சுழலும் முனை), நிமிடத்துக்குச் சுமார் 1,60,000 சுற்று. மணிக்கட்டு வழியாகப் போகும் 6 ஃப்ரெஞ்ச் அளவுக் குழாயிலேயே இது நுழைந்துவிடும் என்பதால் தொடை வழிக்கு மாறத் தேவைப்படவில்லை, ரத்தக் கசிவு அபாயம் உள்ளவரிடம் அது பெரிய நிம்மதி. ஒவ்வொரு ஓட்டமும் 20 நொடிக்குள். கொத்துவதுபோல முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்த வேண்டும், அழுத்தித் தள்ளினால் சுற்று வேகம் விழும், வேகம் விழுந்தால் சூடு, சூட்டோடு சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இரண்டாவது ஓட்டத்தில் மேல் ரத்த அழுத்தம் 84க்கு இறங்கியது. பர்ரைப் பின்னால் இழுத்து வைத்து, அழுத்தம் 110ஐத் தாண்டும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருந்தோம். பெரியவர் அந்த நேரத்தில் கேட்டது நெஞ்சைப் பற்றி இல்லை, முதுகு வலிக்கிறது, காலை மடக்கிக்கொள்ளலாமா என்று. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தபிறகு அடுத்த ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார். நீண்ட சிகிச்சையில் முதியவர் நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதயம் இல்லை, முதுகும் மூத்திரப்பையும்தான். அதைத் தொடங்கும் முன்பே பார்த்துவிட்டால் பாதி மயக்க மருந்து மிச்சம்.

ரோட்டாவுக்குப் பிறகு ஐவஸ் கடந்தது. படம் சொன்னவை:

முதலாவது, இறுக்கமான இடத்தில் கால்சியம் 360 பாகை, முழு வளையம், ஏறத்தாழ 7 மி.மீ. நீளத்துக்கு. அதற்கு மேலும் கீழும் முக்கால் வட்டம். ரோட்டா உள்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது, ஆனால் வளையத்தில் விரிசல் எதுவும் இல்லை. உடையாத வளையம் விரியாது.

இரண்டாவது, அளவு. ஆஞ்சியோவைப் பார்த்து நாங்கள் எல்லாருமே கீழ்ப்பகுதிக்கு 2.5 மி.மீ. என்று சொல்லியிருந்தோம். ஐவஸில் அங்கே உள் விட்டம் 2.8, வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 3.3. மேற்பகுதியில் உள் விட்டம் 3.4. கண் சொன்ன அளவில் வைத்திருந்தால் ஸ்டென்டின் மேல் பாதி சுவரைத் தொடாமல் தொங்கியிருக்கும்.

மூன்றாவது, எங்கே தொடங்குவது. ஆஞ்சியோவில் சுத்தமாகத் தெரிந்த மேல் முனையில் குழாயின் பரப்பில் 60% படிவு இருந்தது. ஸ்டென்டின் ஓரம் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்தால் பிற்காலத்தில் அந்த ஓரத்திலேயே சுருங்கும். 4 மி.மீ. மேலே போனால் படிவு பாதிக்கும் கீழ், இடது பிரதானக் குழாயையும் தொட வேண்டியதில்லை. அங்கே என்று முடிவு செய்து, ஐவஸின் நுனி நிற்கும் இடத்தை எக்ஸ்ரேயில் டை இல்லாமல் பதிந்து வைத்துக்கொண்டோம். பிறகு ஸ்டென்ட் வைக்கும்போது அந்தப் பதிவுதான் வழிகாட்டி.

வளையத்தை உடைக்க வேண்டும். அழுத்தம் தாங்கும் 3.0 பலூனை 18 அட்மாஸ்ஃபியர் வரை ஏற்றிப் பார்த்தோம், இரண்டு முனையும் உப்பி நடுவில் இடுப்பு விழுந்தது. இன்னும் அழுத்தி ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றும் தருணம் அது. அழுத்தம் கடினமான பக்கத்தை விட்டு மென்மையான பக்கத்தைக் கிழிக்கும் என்பதால் நிறுத்தினோம். அதிர்வலை பலூனை, அதாவது ஐவிஎல்லை எடுத்தோம், 3.0 மி.மீ., 12 மி.மீ. நீளம். 4 அட்மாஸ்ஃபியர் என்ற மெல்லிய அழுத்தத்தில் வைத்து, பத்துப் பத்தாக, மொத்தம் 60 அதிர்வு. மறுபடி ஐவஸ்: வளையத்தில் இரண்டு இடத்தில் தெளிவான விரிசல். அதே 3.0 பலூன் இப்போது 14லேயே முழுதாக விரிந்தது. ரோட்டாவும் ஐவிஎல்லும் இரண்டுமே தேவையா, செலவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இவரிடம் ஒன்று வழி திறந்தது, மற்றது வளையத்தை உடைத்தது. ரோட்டா இல்லாமல் ஐவிஎல் பலூன் உள்ளேயே போயிருக்காது.

மருந்து பூசிய 3.0 × 38 மி.மீ. ஸ்டென்ட் வைத்தோம். ஐவஸில் ஸ்டென்டின் உள்ளே மிகக் குறைந்த பரப்பு 4.7 சதுர மி.மீ., எதிர்பார்த்தபடி அந்த வளையம் இருந்த இடத்திலேயே. ஆஞ்சியோவில் அப்போதே படம் அழகாக இருந்தது, அதை மட்டும் பார்த்திருந்தால் கையுறையைக் கழற்றியிருப்போம். 3.25 பலூனால் மீண்டும் விரித்தபின் 5.9.

எங்கே நிறுத்துவது

இந்தப் பகுதியில்தான் மேசையருகே கருத்து வேறுபாடு வந்தது. ஐவஸில் 5.5 சதுர மி.மீ.க்கு மேல் என்பது ஒரு இலக்கு, அதைத் தாண்டிவிட்டோம். மேல்-கீழ் இரு முனைகளின் சராசரிப் பரப்பில் 80% என்பது இன்னொரு இலக்கு, அது இவருக்கு 6.1, இன்னும் வரவில்லை. கீழ் முனையின் பரப்பில் 90% என்பது அல்டிமேட் ஆய்வு வைத்த அளவு, அதையும் தாண்டிவிட்டோம்.

3.5 பலூன் போட்டால் 6.1 வந்துவிடும் என்று ஒருவர். அந்த இடத்தில் வெளிச்சுவரே அவ்வளவு பெரிதில்லை, விரிசல் விழுந்த கால்சியத்தின் எதிர்ப்பக்கம் சுவர் மெலிந்திருக்கிறது, அங்கே கிழிந்தால் 82 வயதில் இதய உறைக்குள் ரத்தம் சேரும், 0.2 சதுர மி.மீ.க்காக அதை வாங்கிக்கொள்வதா என்று மற்றவர். நிறுத்தினோம். இலக்குகள் வேண்டும், ஆனால் அவை சராசரி நோயாளிகளிடமிருந்து வந்தவை. எந்த எண்ணுக்கு எந்த விலை என்று கேட்க ஐவஸ் படமே உதவியது, ஏனென்றால் மெலிந்த சுவரைக் காட்டியதும் அதுதான்.

இன்னும் இரண்டு இடத்தில் கையை வைக்காமல் விட்டோம். ஸ்டென்டின் கீழ் ஓரத்தில் சிறிய கிழிசல், 2 மி.மீ. நீளம், உள் அடுக்கோடு நின்றிருந்தது, நடு அடுக்கைத் தொடவில்லை. முன்பெல்லாம் பயந்துபோய் இன்னொரு ஸ்டென்டைச் சேர்த்துவிடுவோம். 3 மி.மீ.க்குக் குறைவான, நடு அடுக்கைத் தொடாத கிழிசல் தானாக ஆறிவிடும் என்பதால் விட்டோம். வலது குழாயின் 60% அடைப்பை அழுத்த ஒயரால் அளந்தோம், அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதமான ஐஎஃப்ஆர் 0.92, சிகிச்சை தேவை என்ற வரம்பு 0.89 அல்லது அதற்குக் கீழ். 2023இல் வந்த ஃபயர் ஆய்வு, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மற்றக் குழாய்களையும் இப்படி அளந்து, ஓட்டம் தடைபட்டவற்றைச் சரிசெய்வது நல்லது என்று காட்டியிருந்தது. அளந்ததில் தேவையில்லை என்று வந்தால் விட்டுவிடுவதும் அதே அணுகுமுறைதான்.

இரண்டாம் முறை செலவான டை 38 மி.லி. இரண்டையும் சேர்த்தால் 66, அதுவும் இரண்டு நாள் இடைவெளியில்.

அதன்பிறகு

வலி போய்விட்டது. மறுநாள் காலை கழிப்பறைக்குத் தானே போய் வந்தார், வரும்போது சிஸ்டரிடம் மூச்சு வாங்கவில்லை என்று அவராகவே சொன்னாராம். கிரியேட்டினின் முதல் நாள் 1.5, இரண்டாம் நாள் 1.7. 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே சிறுநீரகக் காயம் என்பதால் அப்படியே பதிவு செய்தோம், டை குறைவாகத்தான் போனது என்று அதைச் சின்னதாக்கவில்லை. கொதிப்பு மாத்திரைகளில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியதை நிறுத்தி வைத்தோம். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம், ஒரு வாரத்தில் 1.4க்குத் திரும்பியது.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும். அதைவிட வலுவான டிகாக்ரெலார் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தோம். 70 வயதைத் தாண்டியவர்களிடம் 2020இல் வந்த பாப்புலர் ஏஜ் ஆய்வு, கிளோபிடோக்ரெலில் ரத்தக் கசிவு குறைவு என்று காட்டியது. வயது, சிறுநீரகம், ஹீமோகுளோபின் என்று ரத்தக் கசிவு அபாயத்தின் சிறு அளவுகோல்கள் மூன்று இவரிடம் இருந்தன, இரண்டு இருந்தாலே அபாயக் கணக்கு. அதனால் இரட்டை மருந்தை மூன்று மாதத்தோடு முடிப்பது என்று திட்டம்.

ஆறாவது வாரத்தில் மலம் கறுப்பாகப் போகிறது என்று வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.6. விசாரித்ததில், காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்ன, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை நெஞ்செரிச்சல்தான் இல்லையே என்று அவரே நிறுத்தியிருந்தார். அவர் கணக்கில் அது கேஸ் மாத்திரை. முட்டி வலிக்கு எப்போதோ வாங்கிய வலி மாத்திரையும் இடையிடையே ஓடியிருந்தது. அங்கிருந்த டாக்டர் போனில் கேட்டது ஒரே கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம்தான் ஆகிறது, ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

நிறுத்துங்கள், கிளோபிடோக்ரெல் மட்டும் போதும் என்றோம். அபாயம் உள்ளவர்களுக்கு ஒரு மாத இரட்டை மருந்து போதும் என்று 2021இன் மாஸ்டர் டாப்ட் ஆய்வு காட்டியிருப்பது முதல் காரணம். ஸ்டென்ட் எல்லா இடத்திலும் சுவரைத் தொட்டு, 5.9 வரை விரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்திருப்பது இரண்டாவது. இரண்டாவது காரணத்துக்குச் சோதனை ஆதாரம் முதல் காரணத்தின் அளவுக்கு இல்லை, உட்படம் பார்த்து வைத்தால் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு கேட்கவும் இல்லை. ஆனால் இந்த யோசனை புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கடுமையான ரத்த உறைதடுப்பு மருந்துகள் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பல ஸ்டென்டுகள் சரியாக விரியவே இல்லை என்று ஐவஸில் பார்த்து, அழுத்தமாக விரித்துவிட்டால் அந்த மருந்துகளே வேண்டாம் என்று 1995இல் எழுதியவர் மிலானின் அந்தோனியோ கொலம்போ. விரிந்த ஸ்டென்ட் மருந்தின் சுமையைக் குறைக்கும் என்ற எண்ணம் அங்கிருந்தே வருகிறது.

எண்டோஸ்கோபியில் இரைப்பையில் மேலோட்டமான புண்கள், ஓடும் ரத்தம் இல்லை. இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்திருந்தது, ஊசி வழியாக ஏற்றினார்கள். ஒரு வருட முடிவில் கிளோபிடோக்ரெல் மட்டும், பம்பிங் 50%, நெஞ்சுக்காக மறுபடி மருத்துவமனை வரவில்லை. மாடிப்படி இன்னும் கஷ்டம்தான், இப்போது காரணம் முட்டி.

என்ன மாறும்

எக்ஸ்ரேயில் இணைக்கோடு தெரிந்தால் இனி ரோட்டா செட்டை முதலிலேயே மேசையில் தயார் செய்கிறோம். ஐவஸ் முட்டி நின்றதும் நேராக ரோட்டா. இடையில் சிறு பலூனை விரிப்பது எங்காவது கிழிசலை உண்டாக்கினால், அதன்பிறகு பர்ரை ஓட்டுவது ஆபத்து. இவரிடம் அப்படி நேரவில்லை, ஆனால் அந்தப் படியால் ஆதாயமும் இல்லை.

75 வயதைத் தாண்டியவர்களுக்குக் காக்ராஃப்ட்-கால்ட் எண்ணைக் கையால் போட்டு, டை வரம்போடு சேர்த்துக் கேத் லேப் பலகையில் எழுதுகிறோம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ஸ்டென்டுக்கு முன்பே ஃபெரிட்டின் (இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை), மலத்தின் நிறம் பற்றிய கேள்வி, வீட்டில் என்ன வலி மாத்திரை இருக்கிறது என்ற கேள்வி. இவருக்கு 11.4 ஏன் என்று அன்றே தேடியிருந்தால் இரும்புக் குறைவு அப்போதே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்டவர்களுக்கு இரட்டை மருந்தின் காலத்தையும் மூன்று மாதம் என்று தொடங்காமல் ஒரு மாதம் என்று தொடங்கி, நீட்டக் காரணம் இருந்தால் நீட்டுகிறோம். பான்டோபிரசோல் எதற்கு என்பதை மாத்திரைச் சீட்டிலேயே, ரத்தக் கசிவைத் தடுக்க, நிறுத்தக் கூடாது என்று எழுதுகிறோம்.

கடைசியாக டிஸ்சார்ஜ் தாள். முன்பு அதில் எல்ஏடிக்கு ஸ்டென்ட் என்று ஒரு வரிதான் இருக்கும். இப்போது ஸ்டென்டின் அளவு, ஐவஸில் வந்த குறைந்தபட்சப் பரப்பு, ஓரங்களின் நிலை, வலது குழாயின் அழுத்த அளவு, ரத்தக் கசிவு வந்தால் எந்த மாத்திரையை முதலில் நிறுத்தலாம் என்பது வரை எழுதிவிடுகிறோம், நடு ராத்திரியில் அவரைப் பார்க்கப் போகிற டாக்டர் எங்களைப் போனில் தேட வேண்டியிருக்காது.